மாஸ்கோவுக்குப் பக்கத்து ஊர்க்காரர்

முடிவு தெரிந்த பழைய கால்பந்து ஆட்டங்களை நடுராத்திரியில் போட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. பதற்றமில்லாமல் பார்க்கலாம், பாதியில் தூங்கிப்போனாலும் நஷ்டமில்லை. அப்படி ஒருநாள் போட்டதுதான் 1995 மே 14 அன்று லண்டனில் நடந்த வெஸ்ட் ஹாம் – மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டம். யுனைடெட்டுக்காகக் கோல் அடிக்க வேண்டிய ஆண்டி கோல் அன்றைக்குத் தவறவிட்ட வாய்ப்புகளைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். கோல் என்று பெயர் வைத்துக்கொண்டு கோல் அடிக்காமல் போனவரைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவரை மறந்துவிட்டேன். எதிரே வெஸ்ட் ஹாம் கோலைக் காத்து நின்ற நெட்டை மனிதர்மேலேயே கண் போய்க்கொண்டிருந்தது.

இதற்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. பள்ளியில் நானும் கீப்பர். விரும்பிப் போனதில்லை. "டேய் நெட்டை, நீ போய் கோல்ல நில்லு" என்று பி.டி. மாஸ்டர் ஒருநாள் சொன்னார். அதோடு என் விதி முடிந்தது. இரண்டு பக்கமும் புத்தகப் பைதான் கம்பம். மேலே குறுக்குக் கம்பம் கிடையாது என்பதால் பாதி நேரம் சண்டையிலேயே போகும். "தலைக்கு மேல போச்சு, கோல் இல்ல" என்பேன் நான். "நீ குதிச்சிருந்தா எட்டியிருக்கும்" என்பார்கள் அவர்கள். அந்தக் காலத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: கீப்பரிடம் யாரும் எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. மற்றவர்களுக்கு மாஸ்டர் பந்தைத் தள்ளவும் தடுக்கவும் காட்டுவார். கீப்பருக்கு "பிடிடா" என்ற ஒரே பாடம்.

சரி, அந்த நெட்டை மனிதருக்கு வருவோம். பெயர் லூடெக் மிக்லோஷ்கோ. செக் நாட்டுக்காரர். லண்டன் ரசிகர்கள் பெயரைச் சுருக்கி 'லூடோ' ஆக்கிவிட்டார்கள். நமக்கு லூடோ என்றால் தாயம் போடும் அட்டைதான் நினைவுக்கு வரும். அவர்களுக்கு அவர் 8 வருடம் கோலில் நின்றவர், பிறகு சுமார் 9 வருடம் அங்கே கோலில் நிற்கிறவர்களைப் பழக்கியவர்.

அவருக்கென்று வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் ஒரு பாட்டு கட்டினார்கள். அவரே பாடுவதுபோல இருக்கும். பெயரைச் சொல்வார், ஊரைச் சொல்வார், வெஸ்ட் ஹாமுக்குக் கோலில் நிற்பதைச் சொல்வார். தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் 'பெரியாளே, உன் பேர் என்ன' என்று கேட்பார்கள். உடனே மறுபடி பெயரிலிருந்து ஆரம்பம். நம்மூர் அந்தாதி போல முடிகிற இடத்திலேயே தொடங்கிவிடும்; ஆட்டம் முடியும்வரை நிறுத்தாமல் பாடலாம். இதில் ஊர்தான் வேடிக்கை. மிக்லோஷ்கோ என்ற பெயருக்கு இயைபு வேண்டுமே! அதனால் மாஸ்கோவுக்குப் பக்கத்திலிருந்து வருகிறார் என்று பாடிவிட்டார்கள்.

அவர் பிறந்தது 1961 டிசம்பர் 9, அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் மொராவியாவில் உள்ள ப்ரோஸ்த்யேயோவ் என்ற ஊரில். நான் வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கிருந்து மாஸ்கோ நேர்கோட்டில் ஏறக்குறைய 1,550 கிலோமீட்டர். லண்டன் ஏறக்குறைய 1,240. அதாவது, பாடிக்கொண்டிருந்த கூட்டம்தான் மாஸ்கோவைவிட அவர் ஊருக்குப் பக்கத்தில் இருந்தது.

வேடிக்கைக்கு அடியில் கொஞ்சம் முள்ளும் உண்டு. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தபோது மிக்லோஷ்கோவுக்கு 6 வயது. 1989 நவம்பரில் அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி துப்பாக்கிச் சத்தமில்லாமல் சரிந்தது. மூன்றே மாதத்தில் அவர் லண்டனில் இருந்தார். அதுவரை அங்கிருந்து ஒரு ஆட்டக்காரர் மேற்கு ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமானால் அரசு விட வேண்டும். நல்ல வயதெல்லாம் உள்ளூரில் தீர்ந்த பிறகுதான் பெரும்பாலும் விடுவார்கள். பெனால்டியை மெதுவாகத் தூக்கிப் போட்டு உலகப் புகழ் பெற்ற அன்டோனின் பனென்காகூட வியன்னாவுக்குப் போனது 1981-ல், 32 வயதில்தான். மிக்லோஷ்கோவுக்கு 28 வயதிலேயே கதவு திறந்தது. அப்படித் தப்பித்து வந்தவரை மாஸ்கோக்காரர் என்று பாடினால் எப்படி இருக்கும்? அவர் கோபித்துக்கொண்டதாக நான் எங்கும் படித்ததில்லை. ஊர் தப்பாக இருந்தாலும் பாட்டு தனக்கானது என்று எடுத்துக்கொண்டிருப்பார் போல.

செக் மண்ணில் கீப்பர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஃபிரான்டிஷெக் பிளானிச்கா 1934 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அணித்தலைவர். 1938-ல் பிரேசிலுக்கு எதிராகக் கை முறிந்த நிலையிலும் நின்றவர். இவோ விக்டர் 1976-ல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியின் கீப்பர். 1970 உலகக் கோப்பையில் பெலே நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்தே அடித்த பந்து கம்பத்தை ஒட்டி வெளியே போனதே, அப்போது முன்னே வந்துவிட்டுப் பதறிப் பின்னால் ஓடியவரும் இந்த விக்டர்தான். பிற்காலத்தில் பீட்டர் செக். இந்த வரிசையில் மிக்லோஷ்கோ முதல் பெஞ்சில்கூட இல்லை. 1990 உலகக் கோப்பைக்கு இத்தாலி போனார். கோலில் நின்றதெல்லாம் யான் ஸ்டேஸ்கல். காலிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் ஒரு பெனால்டியில் தோற்று வரும்வரை மிக்லோஷ்கோ உட்கார்ந்து பார்த்தார்.

லண்டனுக்கு முன்னால் அவர் ஆடிய அணி பானிக் ஓஸ்ட்ராவா. ஓஸ்ட்ராவா நிலக்கரியும் உருக்காலையுமாக இருந்த ஊர். பானிக் என்றால் சுரங்கத் தொழிலாளி. கிழக்கு லண்டன் வெஸ்ட் ஹாமும் தேம்ஸ் கரைக் கப்பல் பட்டறையில் பிறந்த கிளப்தான். சுத்தியல்தான் அவர்கள் சின்னம். சுரங்கத்திலிருந்து பட்டறைக்கு வந்தவர் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

வந்த நேரம் இருக்கிறதே, அதைவிட மோசமான நேரத்தில் யாரும் புது வேலையில் சேர முடியாது. 1990 பிப்ரவரி 14, லீக் கோப்பை அரையிறுதி. ஓல்டமின் செயற்கைத் தரையில் வெஸ்ட் ஹாம் 6-0 என்று உதை வாங்கியது. கோலில் நின்றவர் மூத்தவர் ஃபில் பார்க்ஸ். நான்கு நாள் கழித்து ஸ்விண்டனில் லீக் ஆட்டம். மிக்லோஷ்கோவுக்கு முதல் ஆட்டம். அன்று அவரை வாங்கி வந்த மேலாளர் லூ மக்காரி மைதானத்துக்கே வரவில்லை. பழைய கிளப்பில் நடந்த ஒரு பந்தய விவகாரம் துரத்திக்கொண்டிருந்ததில் ராஜினாமா செய்துவிட்டார். மொழி தெரியாத ஊர், 6 கோல் வாங்கிய தடுப்பு வரிசை, காணாமல் போன மேலாளர். ஆட்டம் 2-2. எனக்கென்னவோ இது அபாரமான முடிவு என்று தோன்றுகிறது.

அடுத்த சீசனில் புது மேலாளர் பில்லி பாண்ட்ஸின் அணி இரண்டாம் டிவிஷனில் 46 ஆட்டங்களில் வாங்கிய கோல் 34 மட்டும். மேல் டிவிஷனுக்கு ஏறினார்கள். அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரராக ரசிகர்கள் தேர்ந்தெடுத்தது மிக்லோஷ்கோவை. மறு வருடமே கடைசி இடம், இறக்கம். அதற்கடுத்த வருடம் மறுபடி ஏற்றம். வெஸ்ட் ஹாம் ரசிகராக இருப்பது வீட்டு மாடிப்படியில் குடியிருப்பது மாதிரி. 1993-ல் ஏறியபோது அவர்களும் போர்ட்ஸ்மவுத்தும் ஒரே புள்ளி, 88. அன்றைய விதிப்படி யார் அதிக கோல் அடித்தார் என்று பார்த்தார்கள்: 81-க்கு 80. ஒரே ஒரு கோல்! வாங்கிய கோலில் இவர்கள் 5 குறைவு, ஆனால் அதை யாரும் எண்ணவில்லை. கீப்பர் வாழ்க்கை அப்படித்தான்.

அதே காலத்தில்தான் கீப்பர்களின் தலையில் இன்னொரு இடி விழுந்தது. 1992 கோடையிலிருந்து சக ஆட்டக்காரர் காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கையால் தொடக்கூடாது என்று விதி வந்தது. அதுவரை ஆபத்து என்றால் பின்னால் தட்டு, கீப்பர் குனிந்து அள்ளிக்கொள்வார். இருபது வருடமாக உடம்பு பழகிய வேலை அது. 30 வயதில் ஒருவரிடம் போய், இனிமேல் உன் காலையும் நம்பு என்றால்? அந்த வருடங்களின் ஆட்டங்களைப் பார்த்தால் கீப்பர்கள் பந்தைக் கண்டு பயப்படுவது தெரியும். கை பாதி நீளும், சட்டென்று பின்வாங்கும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு பார்வையாளர் பக்கம் ஓர் உதை. மிக்லோஷ்கோ இந்த மாற்றத்தைத் தாண்டி 1992-93 முதல் மூன்று சீசன் லீகில் ஓர் ஆட்டம்கூட விடாமல் நின்றார். அந்தத் தொடர் அறுந்தது அடிபட்டல்ல. 1995 டிசம்பரில் எவர்ட்டனில் சிவப்பு அட்டை வாங்கிவிட்டார். மீதி நேரத்துக்குக் கையுறையை மாட்டிக்கொண்டு கோலில் நின்றவர் இடதுபுறத் தடுப்பாளர் ஜூலியன் டிக்ஸ்.

இப்போது அந்த மே 14. கடைசி நாள். பிளாக்பர்ன் 89 புள்ளியோடு லிவர்பூலில் ஆடுகிறது, யுனைடெட்டுக்கு 87. பிளாக்பர்ன் தோற்று யுனைடெட் ஜெயித்தால் கோப்பை யுனைடெட்டுக்கு. வெஸ்ட் ஹாமுக்கு இழக்கவும் ஒன்றுமில்லை, பெறவும் ஒன்றுமில்லை. இறக்கத்திலிருந்து ஏற்கெனவே தப்பித்துவிட்டார்கள். முதல் பாதியில் வெஸ்ட் ஹாமின் மைக்கேல் ஹியூஸ் ஒரு கோல் அடித்தார். இடைவேளைக்குப் பிறகு பிரையன் மெக்லேர் தலையால் முட்டிச் சமன் செய்தார். அதற்கப்புறம் ஆடுகளம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது போலிருக்கும். எல்லோரும் வெஸ்ட் ஹாம் பெனால்டி பெட்டிக்குள்தான் இருக்கிறார்கள்.

நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தது மிக்லோஷ்கோவின் கால்களை. பறந்து விழும் அழகெல்லாம் அன்று அதிகமில்லை. ஆண்டி கோல் பந்தோடு நெருங்கும்போது இவர் கோட்டில் நின்று காத்திருக்கவில்லை. இரண்டு மூன்று சின்ன எட்டு முன்னே வருகிறார், கடைசி நொடியில் உடம்பை அகலமாக விரித்துக் கீழே போகிறார். கோல் கம்பங்களுக்கு இடையே 24 அடி. அவர் ஓர் அடி முன்னே வர வர, அடிக்கிறவன் கண்ணுக்கு அந்த 24 அடி சுருங்கிக்கொண்டே போகும். பந்து இவர்மேல் பட்டுத் தெறிக்கிறது. பார்க்கிறவர்களுக்கு 'நேரே கீப்பர்மேலயே அடிச்சான்' என்று தோன்றும். கீப்பராக நின்றவனுக்கு மட்டும்தான் தெரியும், அடிக்கிறவனுக்கு வேறு இடமே விட்டுவைக்கவில்லை என்று. இன்றுவரை அந்த ஆட்டம் ஆண்டி கோல் தவறவிட்ட ஆட்டம் என்றுதான் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் வருத்தம்தான்.

முடிவு 1-1. லிவர்பூலில் பிளாக்பர்ன் கடைசி நிமிடங்களில் 2-1 என்று தோற்றும் 89-க்கு 88 என்று கோப்பையைத் தூக்கியது. அங்கே அந்தக் கடைசி ஃப்ரீ கிக் கோலை அடித்தவர் ஜேமி ரெட்நாப். இங்கே வெஸ்ட் ஹாம் மேலாளர் அவர் அப்பா ஹாரி ரெட்நாப். மகன் யுனைடெட்டுக்குக் கதவைத் திறந்துவிட, அப்பாவின் கீப்பர் அதைச் சாத்தினார்.

எல்லாக் கீப்பர்களுக்கும் வரும் நாள் அவருக்கும் வந்தது. 1997-ல் கிரெய்க் ஃபாரஸ்ட் வந்தார், அப்புறம் பாரிஸிலிருந்து பெர்னார்ட் லாமா கொஞ்ச நாள், 1998-ல் ஷாகா ஹிஸ்லாப். ஓர் அணியில் கோல் ஒன்றுதான். மற்ற இடங்களைப்போல் தள்ளி உட்கார முடியாது. 315 லீக் ஆட்டங்களோடு வெஸ்ட் ஹாம் கணக்கை முடித்துக்கொண்டு மேற்கு லண்டனில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்குப் போனார். முன்பு ஸ்டேஸ்கல் நின்ற அதே கோல். 2001-ல் ஆட்டத்தை நிறுத்தினார்.

அதே வருடம் வெஸ்ட் ஹாம் அவரைத் திரும்பக் கூப்பிட்டது, கீப்பர்களின் பயிற்சியாளராக. முன்பு அங்கே கீப்பர்களைப் பழக்கிய லெஸ் சீலி அந்த ஆகஸ்டில் மாரடைப்பில் 43 வயதில் இறந்துபோனார்.

கால்பந்தில் இந்த வேலையைப்போல் கண்ணுக்குத் தெரியாத வேலை குறைவு. ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னால் போனால் பார்க்கலாம். காலியான இருக்கைகள், தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும் புல். ஒரு மூலையில் மூன்று பேர் மட்டும். இரண்டு பேர் கையுறையோடு. மூன்றாமவர் பந்துப் பைக்குப் பக்கத்தில். முதலில் பத்தடி தூரத்திலிருந்து மார்புக்கு நேராக மெதுவாக உதைப்பார், கை பந்துக்குப் பழக. அப்புறம் தரையோடு, இடம் வலம் மாற்றி. அப்புறம் பந்தைத் தரையில் ஒரு தட்டு தட்டி, எழும் கணத்தில் உதை. அது எப்படி வரும் என்று அவருக்கே தெரியாது, அதுதான் பயிற்சி. கடைசியாக ஓரத்திலிருந்து உயரமான பந்துகள். நல்ல பயிற்சியாளர் கடைசிப் பந்தைப் பிடிக்கிற மாதிரியே அடிப்பார். உள்ளே போகும்போது கையில் பந்து ஒட்டிய நினைப்போடு போகட்டும் என்று. நூறு பந்து உதைத்துவிட்டு அவர் பையைத் தூக்கிக்கொண்டு போவார். கூட்டம் அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருக்கும்.

மேலாளர்கள் வந்தார்கள், போனார்கள். ரோடர், பார்டியூ, கர்பிஷ்லி, ஜோலா. மிக்லோஷ்கோ இருந்தார். முதலில் டேவிட் ஜேம்ஸ். அவர் இங்கிலாந்தின் முதல் கீப்பரான காலம் அது, ஆனாலும் 2003-ல் 42 புள்ளி எடுத்தும் அணி இறங்கிவிட்டது. அப்புறம் பைவாட்டர், வாக்கர், கரோல். 2005-ல் யார் திரும்பி வந்தது தெரியுமா? ஹிஸ்லாப். தன் இடத்துக்கு வந்தவருக்கே இப்போது மிக்லோஷ்கோ பந்து உதைத்துப் பழக்க வேண்டும். அடுத்த வருடம் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் நின்றது ஹிஸ்லாப்தான். கூடுதல் நேரத்தோடு 3-3, பெனால்டியில் தோல்வி. அந்த மனநிலையைத்தான் என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. நம் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு நாமே நாற்காலியைத் துடைத்துக் கொடுக்க எத்தனை பேரால் முடியும்?

2004-ல் இன்னொருவரும் கொஞ்ச நாள் வந்து போனார். பாவெல் ஸ்ர்னிச்செக். மிக்லோஷ்கோ லண்டன் போன பிறகு ஓஸ்ட்ராவாவில் கோலில் நின்றவர். 1991-ல் அவரும் நியூகாசிலுக்குப் பறந்தார். அவருக்கும் பாட்டு உண்டு, ஆனால் நியூகாசில்காரர்கள் ஊரை மாற்றாமல் ஆளையே தங்கள் ஊர்க்காரர் என்று பாடிவிட்டார்கள். ஒரே ஓஸ்ட்ராவா கோலிலிருந்து வந்த இருவர், பதின்மூன்று, பதினான்கு வருடம் கழித்துக் கிழக்கு லண்டனில் ஒருவர் உதைக்க ஒருவர் பிடித்திருக்கிறார்கள். இரண்டு பேரும் செக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள், சுற்றி இருந்தவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஸ்ர்னிச்செக்கும் பின்னால் கீப்பர் பயிற்சியாளரானார், பிராகில் ஸ்பார்டா அணிக்கு. 2015 டிசம்பரில் ஓடிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு நின்று விழுந்தார். 29-ஆம் தேதி போய்விட்டார். வயது 47.

மிக்லோஷ்கோ 2010-ல் வெஸ்ட் ஹாமை விட்டார். 2021-ல் அவருக்குப் புற்றுநோய் என்ற செய்தி வந்தது. சில காலம் போராடிய பிறகு, மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்திருப்பதாக அவரே சொன்னார். அந்தச் செய்தியைப் படித்த ராத்திரிதான் இன்னோர் ஆட்டத்தைத் தேடிப் போட்டேன்.

2007 மே 13. சீசனின் கடைசி நாள், எதிரே மான்செஸ்டர் யுனைடெட். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு நாள் குறைவு. இந்த முறை ஆட்டம் ஓல்ட் ட்ராஃபோர்டில். யுனைடெட் கோப்பையை ஏற்கெனவே ஜெயித்துவிட்டது, உயிர்ப் பிரச்சினை வெஸ்ட் ஹாமுக்கு. கோலில் ராபர்ட் கிரீன், மிக்லோஷ்கோ பழக்கிய ஆள். முதல் பாதி முடியும் நேரத்தில் வெஸ்ட் ஹாமின் கார்லோஸ் டெவெஸ் ஒன்று போட்டார். அவரை வாங்கிய விதத்தைப் பற்றி அன்று இங்கிலாந்தே சண்டை போட்டுக்கொண்டிருந்தது, அது தனிக் கதை. இரண்டாம் பாதியில் யுனைடெட் பக்கம் ரொனால்டோ, கிக்ஸ், ஸ்கோல்ஸ் என்று இறங்கினார்கள். பந்து மறுபடி ஒரே பக்கம். கிரீன் முன்னே வருகிறார், பின்னே போகிறார், விழுகிறார், எழுகிறார். ஒரு பந்துக்கு அவர் இரண்டு எட்டு முன்வந்து உடம்பை விரித்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நான் பார்க்க விரும்பியதைப் பார்த்தேனோ என்னவோ.

1-0. வெஸ்ட் ஹாம் தப்பித்தது. விசில் ஊதியதும் கேமரா டெவெஸிடம் ஓடியது, அப்புறம் கர்பிஷ்லியிடம், அப்புறம் அழுதுகொண்டிருந்த ரசிகர்களிடம். பெஞ்ச் பக்கம் ஒரு தடவை திரும்பியபோது நிறுத்தி, ஒவ்வொரு முகமாகத் தேடினேன். எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தார்கள், படம் வேறு மங்கல். பின்னால் ஒரு நெட்டை உருவம் தெரிந்தது. அதற்குள் யாரோ ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்துவிட்டார்.